பதினோராவது பாட்டில் இல்லாத குரல்

ஒரு பாடகி ஆயுசு முழுக்கப் பாடியதிலிருந்து பதினாலு பாட்டை மட்டும் பொறுக்கி, இதுதான் சிறந்தது என்று இசைத்தட்டு போட்டால், அதில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். ரெசிஃபி நகரத்தில் ஒரு நாளிதழில் இருபத்தொரு வருடமாக ஞாயிறுதோறும் இசைத்தட்டு விமர்சனம் எழுதுகிறேன். ஓத்தோனியெல் என்ற என் பெயரைக் கேட்டாலே பாடகர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்றால், ஜுரேமாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஜுரேமா எங்கள் அஃபோகாடுஸ் பேட்டையில் மூலை பேக்கரியில் ரொட்டி எடுத்துக் கொடுப்பவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். பதினைந்து வருடம் முன்பு கழுத்தில் வந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள், அத்தோடு குரல் போயிற்று. காற்றுதான் வரும். அவள் பேசுவதைக் கேட்க எல்லோரும் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்து காதை நீட்டுவார்கள். ஆனால் அந்தக் காற்றிலேயே அவள் பண்ணும் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. திங்கட்கிழமை நான் போய் நின்றால் போதும், "வாங்க சார், நேத்து யாரு தலைய உருட்டுனீங்க? பாவம், அந்தப் புள்ளைக்கு அழக்கூடத் தெரியாதே" என்பாள். என் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிற ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன். என் மனைவியே படிப்பதில்லை.

மார்லூசியா பிராடோவின் சிறந்த பாட்டுகள் தொகுப்பு வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஜுரேமா என்னைப் பிடுங்கி எடுத்தாள். எப்போது வரும், எந்தெந்தப் பாட்டு, 'மழைக்கு முதல் நாள்' இருக்கிறதா? இருக்கிறது, பதினோராவது பாட்டு என்று நான் சொன்ன அன்று பையில் ஒரு ரொட்டி கூடுதலாக விழுந்தது. மார்லூசியா எங்கள் ஊர்க்காரி. ரியோவுக்குப் போய்ப் பெரிய ஆளானவள். ஊர்ப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, தட்டைக் கேட்டு முடித்த சூட்டோடு பேக்கரிக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. கேட்காமலேயே ஆரம்பித்தேன்.

"பதினாலுல அஞ்சுதான் தேறும் ஜுரேமா. கல்யாண மண்டபத்துல பாடுற பாட்டெல்லாம் முன்னாடி தூக்கி வச்சிருக்கானுங்க. நல்ல பாட்டு நாலு வெளிய கிடக்கு. பொறுக்குனவனுக்குக் காது இருக்கா இல்லையான்னே தெரியல."

"பதினோராவது சார்?"

"அது பரவால்ல. பழைய பதிவுதான் இங்க இருந்த தட்டுத் தொழிற்சாலையோட எழுபத்தஞ்சு வெள்ளத்துல போயிடுச்சே, அதனால புதுசாப் பாடியிருக்கா. சுத்தமா இருக்கு. பழசுல பின்னாடி ஒருத்தி கத்துவா பாரு, அந்தத் தொல்லை இல்ல."

ஜுரேமா இடுக்கியில் ஒரு ரொட்டியைப் பிடித்தபடி நின்றாள். அதைப் பையில் போடவும் இல்லை, தட்டில் திரும்ப வைக்கவும் இல்லை.

"புதுசா?" என்றாள்.

"ஆமா. ஏன்?"

இடுக்கியை வைத்துவிட்டு, மேலங்கிப் பையிலிருந்து பர்ஸை எடுத்தாள். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு பத்திரிகைத் துண்டு. மஞ்சளடித்துப் போயிருந்தாலும் எழுத்து தெரிந்தது. தலைப்பில் என் பெயர். எழுபத்திரண்டாம் வருடம், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பேனாவால் நாலு வரி அடிக்கோடு போட்டிருந்தது.

"பின்னணியில் பாடும் பெண் யாரோ தெரியவில்லை. சாவ் ஜோசே சந்தையில் மீன் கூவ வேண்டியவள், வழி தவறி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள். மார்லூசியாவைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் இவளை வெளியே அனுப்புங்கள்."

"அது நான்தான் சார்" என்றாள் ஜுரேமா.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கூப்பிடல. அடுத்த தட்டுக்கு வேற பொண்ணுங்க வந்தாங்க."

"இதப் போய் ஏம்மா இத்தன வருஷமா வச்சிருக்க?"

"என்னப் பத்தி அச்சுல வந்தது இது ஒண்ணுதானே. தட்டு அட்டையில வயலின் வாசிச்சவர் பேரு வரைக்கும் போட்டாங்க. பின்னாடி பாடுனவங்க பேர யாரு போடுவா? என் குரல்னு தனியா ஒண்ணு இருந்துச்சு, அது ஒருத்தர் காதுல விழுந்துச்சுங்கிறதுக்கு நீங்கதான் சாட்சி."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றி மாதிரி சொன்னாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அவள் மகள் தாசியானா கோப்பைத் தட்டோடு வந்தாள். நான் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பதினேழு வயது, காலையில் கடைக்கு ஒத்தாசை பண்ணிவிட்டுப் பள்ளிக்குப் போவாள். அம்மா குரல் போனபோது அவளுக்கு இரண்டு வயது. அம்மா பாடியது மட்டுமில்லை, அம்மா சத்தமாகக் கூப்பிட்டதுகூட அவளுக்கு ஞாபகமில்லை. வீட்டிலிருந்த தட்டும் அதே வெள்ளத்தில் மெத்தை, அடுப்போடு கப்பிபரிபே ஆற்றில் போயிருந்தது. புதுத் தொகுப்பு வரட்டும், பதினோராவது பாட்டில் என்னைக் கேட்பாய் என்று ஜுரேமா மகளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறாள். மகள் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

"அதுலயும் நீ இல்லையாம்மா?" என்றாள் தாசியானா. ஜுரேமா இல்லை என்று தலையசைத்தாள்.

"மொதல்ல வெள்ளத்துல போச்சுன்ன. இப்போ மாத்திப் பாடிட்டாங்க. நல்லாத்தான் இருக்கு கதை. ஒரு தடவையாவது உண்மையச் சொல்லேன், நீ பாடவே இல்லதானே?"

ஜுரேமாவின் வாய் அசைந்தது. அவ்வளவு தூரத்துக்குக் காற்று எட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என்மேல்தான்.

"நான் எழுதுறேன்" என்றேன். "இந்த ஞாயித்துக்கிழமை, பேரப் போட்டு. பதினோராவது பாட்டோட உயிரே பழைய பதிவுல பின்னாடி பாடுன ஜுரேமாதான்னு எழுதுறேன்."

தாசியானா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதுவீங்க. மீன்காரின்னும் நீங்கதான் எழுதுனீங்க. இப்போ எங்கம்மாவப் பாத்துப் பாவப்பட்டு மாத்தி எழுதுவீங்க. அத நான் எப்படி சார் நம்புறது?"

சரியான கேள்வி. இருபத்தொரு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

அன்றே அந்தப் பழைய தட்டைத் தேடத் தொடங்கினேன். எனக்கு வந்த விமர்சனப் பிரதியை என்றைக்கோ பழைய தட்டுக் கடையில் தள்ளிவிட்டிருந்தேன். ரெசிஃபியில் ஒரு கடை விடவில்லை. தெரிந்த தட்டுப் பைத்தியங்களையெல்லாம் கூப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சனிக்கிழமை, ஒரு வானொலி நிலையத்தின் தட்டு அறையில் அடுக்குக்கு அடியில் கிடைத்தது. நின்ற இடத்திலேயே அட்டையைப் பிரித்தேன். இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டு, 'மழைக்கு முதல் நாள்'. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், குறுக்கே ஓர் ஆணிக் கீறல்.

ராணுவத்துக்காரர்கள் ஆண்ட காலத்தில் தணிக்கையிலிருந்து தடைக் கடிதம் வந்தால், வானொலிக்காரர்கள் தட்டைத் தூக்கி எறிய மாட்டார்கள். ஆணியை எடுத்து அந்தப் பாட்டின்மேல் மட்டும் குறுக்கே கீறி வைப்பார்கள், தப்பித்தவறிக்கூட யாரும் போட்டுவிடக் கூடாது என்று. இந்தத் தட்டில் தடை வந்தது நாலாவது பாட்டுக்கு. கீறியவன் அவசரக்காரன். அவன் ஆணி மூன்றாவது பாட்டின் கடைசியிலேயே இறங்கியிருந்தது. ஜுரேமாவின் குரல் மேலே ஏறுவது அந்தக் கடைசியில்தான். அதைத்தானே நான் கத்தல் என்று எழுதினேன்.

இருந்தாலும் கொண்டு போனேன். ஞாயிறு மதியம், கடை அடைத்த பிறகு, அவர்கள் வீட்டுக்கு என் தட்டு இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு போனேன். சோளக் கூழும் காப்பியும் வைத்தாள் ஜுரேமா. யாரும் தொடவில்லை. அன்றைய பத்திரிகை மேசையில் மடித்தபடி கிடந்தது. அதில் அவள் முழுப் பெயரும் இருந்தது.

"கடைசியில கீறல் இருக்கு" என்று முன்கூட்டியே சொன்னேன். "எவ்வளவு வரும்னு தெரியாது."

ஊசியை வைத்தேன். மார்லூசியா பாடினாள், முதல் அடி, இரண்டாம் அடி. தாசியானா சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வயலின் வந்தது, அடங்கியது. அப்புறம் மார்லூசியாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும், எழுந்தாள். தடித்த, கொஞ்சம் கரகரப்பான, அறையை நிறைக்கிற குரல். இருபத்தைந்து வயதில் எனக்கு அது பிடிக்காமல் போனதற்கு என் காதுதான் காரணம், வேறென்ன?

"நாளை மழை வரும், நான் இருக்க மாட்டேன்…"

டக். ஊசி துள்ளி நடுவுக்குப் போய், சரசரவென்று இரைந்தது.

நான் ஊசியைத் தூக்கத் திரும்பியபோது ஜுரேமாவைப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடி, கழுத்துத் தழும்பு புடைக்க, மிச்ச வரியை அவள் உதடு பாடிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொள், கண்ணே, ஜன்னலைச் சாத்திக்கொள். சத்தம் துளியும் இல்லை. தட்டில் கேட்ட அதே நிறுத்தம், அதே இழுப்பு, மூச்சு வாங்கும் இடம்கூட மாறவில்லை.

தாசியானா சுவரை விட்டு வந்து அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தையே, வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரி முடிந்து ஜுரேமா கண்ணைத் திறந்தபோது, மகள் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"மறுபடி வைங்க சார்."