ஆகஸ்டில் எண்ணப்படும் தலைகள்

வெர்லீன் டாக்கெட்டைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதனாலேயே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்கு டெக்சாஸில் எங்கள் கவுண்டி, சின்னதொரு மாவட்டம். மாடு உண்டு, எண்ணெய்க் கிணறு உண்டு, மனிதர்கள்தான் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறார்கள். கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கவுண்டியின் கஜானா அலுவலகம். அங்கேதான் நான், எல்வா, பாதி ஆயுளாகக் குப்பை கொட்டுகிறேன். எதிர்க்கதவில் ‘சிறார் நன்னடத்தைத் துறை’ என்று எழுதியிருக்கும். துறை என்றதும் ஒரு பட்டாளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, ஒரு பழைய கார், ஒரு வெர்லீன். தப்புத்தண்டா செய்து பிடிபட்ட பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து, பள்ளிக்கூடம் போகிறார்களா, சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவள் வேலை.

நல்ல வேலைக்காரி, நான் மறுக்கவில்லை. பல்வலி என்று ஒரு பையன் அழுதால் நூறு மைல் தாண்டி டாக்டரிடம் கூட்டிப் போவாள். பள்ளிக்கு மட்டம் போடுகிறவனைக் கட்டிலிலேயே தண்ணீர் ஊற்றி எழுப்புவாள். கண்காணிப்புக் காலம் முடிகிற அன்று அந்தப் பிள்ளையை ஊர்முனையில் இருக்கும் டெய்ரி கடைக்கு அழைத்துப்போய்ப் பெரிய சாக்லேட் மில்க் ஷேக் வாங்கிக் கொடுப்பாள். அது முடித்தவர்களுக்கு மட்டும்தான். அழுதாலும் புரண்டாலும் நடுவில் கிடையாது. அதைக் குடித்தவர்கள் இன்றைக்கு லாரி ஓட்டுகிறார்கள், நர்ஸாக இருக்கிறார்கள், ஊருக்கு வந்தால் அவளைத் தேடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அவள் திறமையே அவளுக்கு எதிரி. துறைக்குக் கவுண்டி கொடுப்பது கிள்ளிக் கொடுக்கிற பணம். மீதி மாநிலத்திடமிருந்து, தலைநகர் ஆஸ்டினிலிருந்து வர வேண்டும். கையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதைப் பார்த்துத்தான் அங்கே ஒதுக்குகிறார்கள் என்பது எங்கள் பக்கத்துச் சின்னக் கவுண்டிகளில் எல்லோரும் நம்பிய விஷயம். பிள்ளைகள் திருந்தத் திருந்தப் பணம் குறையும். மாநிலத்தின் கணக்கு ஆண்டு ஆகஸ்டோடு முடிகிறது, தலையை எண்ணுவதும் அப்போதுதான். ஆகவே கோடையில் யாரும் ஒரு பிள்ளையையும் விடுவிக்க மாட்டார்கள். மே மாதத்தில் காலம் முடிகிறதா, ஏதாவது சாக்குச் சொல்லி ஆகஸ்ட் வரைக்கும் நீட்டு, செப்டம்பர் பிறந்ததும் விடு. இதற்குக் ‘கோடைப் பிடி’ என்று பெயரே இருந்தது. பிள்ளைகளும் முணுமுணுத்துக்கொண்டே கூட நாலு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் அதைத் தப்பு என்றே நினைக்கவில்லை.

யாரெலி ஓர்னெலாஸுக்குப் பதினாறு வயது. தீவனக் கடைக்காரரின் புது வண்டியை எடுத்து ஓட்டி, விளக்குக் கம்பத்தில் மோதி நிறுத்தியவள். அந்தத் தீவனக் கடைக்காரர் ஜட்ஜ் ப்ரேத்தருக்குத் தேர்தல் செலவு பார்க்கிறவர். எங்கள் ஜட்ஜ் சட்டம் படித்தவர் இல்லை. மாடு வளர்க்கிறவர், ஓட்டு வாங்கி வந்து உட்கார்ந்தவர். கவுண்டியின் பட்ஜெட்டும் அவர் கையில், சிறார் வழக்கும் அவர் கையில். வழக்கு வந்த அன்றைக்கே அவளை மாநிலத்தின் சிறார் சிறைக்கு அனுப்பியிருப்பார். வெர்லீன்தான் குறுக்கே விழுந்தாள்.

“ஒரு வருஷம் என்கிட்ட விடுங்க ஜட்ஜ். ஒரே ஒரு தடவை ஓடிப்போனாலும் நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்துறேன்.”

“சொன்னது ஞாபகம் இருக்கட்டும், வெர்லீன்,” என்றார் அவர். “எனக்கு இருக்கும்.”

யாரெலி அந்த வருஷம் ஒரு தப்பும் செய்யவில்லை. வாய் மட்டும் நீளம். வெர்லீன் வர நேரமானால் என் அறைக்கு வந்து, “மிஸ் எல்வா, இந்த ஊர்ப் பணம் பூராவும் இந்த டிராயர்லயா இருக்கு? இதுக்கா பூட்டு?” என்று கேட்டுக்கொண்டே என் மிட்டாயைக் காலி செய்வாள்.

வீடுதான் சரியில்லை. அம்மா சோயிலாவுக்கு முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் வேலை. அம்மாவோடு இருந்த டுவெய்ன் என்பவனின் பார்வையும் நடையும் எனக்கே பிடிக்காது. வெர்லீன் குழந்தைப் பாதுகாப்புக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்தார்கள், “அப்படி ஒண்ணும் இல்லீங்க” என்று சோயிலா சொன்னாள், அவர்கள் போய்விட்டார்கள். அப்புறம் வெர்லீனே ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போய் யாரெலியின் அறைக் கதவில் உள்பக்கமாகத் திருகிவிட்டு வந்தாள். யாரெலிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மே மாதம் காலம் முடிய வேண்டும், மறுநாளே நியூ மெக்சிகோவில் இருக்கும் அக்கா நெரேய்டா வீட்டுக்குப் போய்விட வேண்டும். கண்காணிப்பில் இருக்கும்வரை மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. தங்கைக்கென்று தனிக் கட்டில் வாங்கிப் போட்டு அக்கா காத்திருந்தாள்.

அந்த வசந்தத்தில்தான் ஜட்ஜ் வாயைத் திறந்தார். “பிள்ளைங்களே இல்லாத ஒரு துறைக்கு ஒரு சம்பளம், ஒரு காரு. இதைப் பக்கத்துக் கவுண்டியோட சேத்துட்டா என்ன?” என்று கவுண்டிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார். வெர்லீனின் முகம் வெளுத்துப்போனது. ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கு எங்கள் ஊரில் வேறு என்ன வேலை இருக்கிறது? அவளிடம் அப்போது ஐந்து பிள்ளைகள். யாரெலி போனால் நான்கு.

மே மாதக் கடைசி நாள் யாரெலி வெள்ளைச் சட்டையும் உதட்டுச்சாயமுமாக வந்தாள். என் கதவு திறந்திருந்தது, எல்லாம் காதில் விழுந்தது.

“மிஸ், ஷேக்குக்கு நான் ரெடி! காலைல இருந்து வயித்தைக் காயப் போட்டிருக்கேன்.”

“உக்காரு, கண்ணு.”

“ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? கடையை மூடிட்டானா?”

“நீ இப்பப் போயிட்டேன்னா என் கணக்குல ஒரு தலை குறையும். பணம் குறையும். ஜட்ஜ் ஆபீஸை இழுத்து மூடிடுவாரு.” வெர்லீன் மூச்சு விட்டுக்கொண்டாள். “ஆகஸ்ட் வரைக்கும் இரேன். எனக்காக.”

“வீட்ல டுவெய்ன் இருக்கானே, மிஸ்.”

“தாழ்ப்பாள் இருக்குல்ல? எப்ப வேணா எனக்கு போன் போடு, ஓடி வந்துடறேன்.”

“முடியாதுன்னு சொன்னா?”

“சொன்னா விட்டுடறேன்.”

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீட்டியாகிவிட்டது, போ என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் திட்டிவிட்டாவது போயிருப்பாள். இப்படிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்?

“நீங்க இல்லேன்னா அந்தக் கிழவன் அன்னிக்கே என்னை அனுப்பியிருப்பான்,” என்றாள் யாரெலி. “சரி மிஸ். ஆனா ஆகஸ்ட்ல ஒண்ணு பத்தாது. ரெண்டு ஷேக்.”

அவள் போனபின் நான் எதிர் அறைக்குப் போனேன். “வெர்லீன், அந்தப் பொண்ணை விட்டுடு.”

“உனக்கென்ன, பேசுவே. கஜானாவை எவன் மூடப் போறான்?” என்றாள்.

‘இன்னும் சில மாதம் வழிகாட்டுதல் தேவை’ என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினாள். ஜட்ஜ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் ஒரு நாள் காலையில் டுவெய்ன் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து தாழ்ப்பாளைக் கழற்றினான். கழற்றும்போது சீட்டியடித்தானாம். சோயிலா வேலைக்குப் போயிருந்தாள். யாரெலி குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு வெர்லீனுக்கு போன் போட்டாள். திரும்பத் திரும்பப் போட்டாள். வெர்லீன் அப்போது பல்வலிக்காரப் பையன் ஒருவனை டாக்டரிடம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சாலையில் பாதி தூரம் சிக்னல் கிடையாது. பிறகு அக்காவுக்கு போன் போட்டாள். நெரேய்டா வேலையைப் போட்டுவிட்டுக் காரை விரட்டிக்கொண்டு வந்து, பட்டப்பகலில் தங்கையை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

டுவெய்ன் முந்திக்கொண்டான். பெண் ஓடிவிட்டாள் என்று சோயிலாவை விட்டு ஷெரீப்பிடம் புகார் கொடுக்க வைத்தான். வெர்லீன் ஊர் திரும்பும்போது விஷயம் ஜட்ஜ் காதுவரை போயிருந்தது. அவள் என் மேசையில் உட்கார்ந்துகொண்டுதான் நியூ மெக்சிகோவுக்குப் பேசினாள்.

“நீ அங்கேயே இருந்தா பிடிவாரண்டு வரும், கண்ணு. நீயா வந்துட்டா நான் பாத்துக்கறேன். நான் சொன்னா ஜட்ஜ் கேப்பாரு.”

அந்தப் பெண் நம்பி வந்தாள். அக்காவே கொண்டுவந்து விட்டாள்.

விசாரணையில் வெர்லீன் தாழ்ப்பாள் கதையைச் சொன்னாள். ஜட்ஜ் சோயிலாவைப் பார்த்தார். “கதவு பிடிச்சுக்கிச்சு, அதான் ரிப்பேர் பண்ணினாரு,” என்றாள் அந்த மகராசி, மகள் இருந்த பக்கம் திரும்பாமலே.

“ஒரு தடவை ஓடினாலும் நீயே கூட்டிட்டு வருவேன்னு சொன்னே. கூட்டிட்டு வந்துட்டே. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டே,” என்றார் ஜட்ஜ்.

“மே மாசமே முடிச்சிருக்க வேண்டியவ, ஜட்ஜ்.”

“முடிக்கலேன்னு எழுதிக் குடுத்தது யாரு? இதோ உன் கையெழுத்து.”

மாநிலச் சிறார் சிறை என்று தீர்ப்பானது. தீவனக் கடைக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்து தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார். யாரெலி அழவில்லை. வெர்லீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இதற்கும் ஏதாவது வழி வைத்திருப்பாள் என்பதுபோல.

ஆகஸ்ட் நடுவில் பட்ஜெட் கூட்டம். பக்கத்துக் கவுண்டியின் நன்னடத்தை அலுவலர் ராய்ஸ் கிம்ப்ரெல் வந்திருந்தார். பருத்த மனுஷன், எதற்கெடுத்தாலும் சிரிப்பார். இணைப்பைப் பற்றி ஜட்ஜ் ஆரம்பித்ததும் வெர்லீன் எழுந்து, “எண்ணிக்கை குறைஞ்சது உண்மைதான், ஆனா” என்று தொடங்கினாள்.

“எந்த எண்ணிக்கை?” என்றார் கிம்ப்ரெல்.

“ஆகஸ்ட் எண்ணிக்கைதான், ராய்ஸ்.”

அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “அட வெர்லீன்! நீ இன்னும் தலையை எண்ணிட்டா இருக்கே? அதெல்லாம் போன வருஷமே மாத்திட்டாங்கம்மா. கவுண்டியில மொத்தம் எத்தனை சின்னப் பசங்கன்னு பாத்துத்தான் இப்ப ஒதுக்குறாங்க. சின்னக் கவுண்டிக்கு அடிப்படைத் தொகைன்னு தனியா ஒண்ணு. உனக்கு முன்னைவிட அதிகமாத்தான் வரும்! பேப்பர் வந்துச்சே, பாக்கலியா?”

ஆஸ்டினிலிருந்து வரும் காகிதக் கட்டுகளை வெர்லீன் ஆடுகிற ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தாள். வேலையை அவள் இருபது வருஷத்துக்கு முன்பே கற்றுக்கொண்டாயிற்று, புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது?

“அப்படின்னா கவுண்டிக்குச் செலவில்லை,” என்றார் ஜட்ஜ். “ஆபீஸ் இருக்கட்டும். அடுத்த விஷயம்.”

கூட்டம் முடிந்ததும் வெர்லீன் அவர் பின்னால் ஓடினாள். நானும் போனேன்.

“ஜட்ஜ், அவளை நான் நீட்டியிருக்கவே வேண்டாம். தப்பு என்னோடது. தீர்ப்பை மாத்துங்க.”

“தப்பு உன்னோடதுன்னா, பொண்ணு ஓடலேன்னு ஆயிடுமா?” என்று கேட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார். எனக்கு அவர் கழுத்தை நெரிக்கத் தோன்றியது. பக்கத்தில் நின்றவளின் கழுத்தையும்தான்.

மறுவாரம் யாரெலியைச் சிறார் சிறையில் கொண்டுபோய் விட வேண்டும். அது நன்னடத்தை அலுவலரின் வேலை. கூட இன்னொரு பெண் வேண்டும் என்பது விதி, அதனால் நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். காரில் நாலும் புது டயர். மாநிலப் பணம் மிஞ்சினால் ஆகஸ்டோடு திருப்பிக் கட்ட வேண்டுமே, அதற்காக மாற்றியது. யாரெலி பின்சீட்டில் இருந்தாள். இடுப்பில் சங்கிலி, கை இரண்டும் அதில் பூட்டியிருந்தது.

வெர்லீன் டெய்ரி கடையில் நிறுத்தினாள். இறங்கிப் போய்ப் பெரிய சாக்லேட் ஷேக்கோடு வந்து, பின்பக்கம் நீட்டினாள்.

“அது முடிச்சவங்களுக்குத்தானே, மிஸ்?” என்றாள் யாரெலி. குத்திக் காட்டவில்லை. விதியை ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான்.

ஷேக் எனக்கும் வெர்லீனுக்கும் நடுவில் உருகிக்கொண்டே வந்தது. பருத்திக் காடு வந்தது, போனது. காற்றாடிக் கம்பங்கள் வந்தன, போயின. மூன்று பெண்கள் ஒரு காரில் வாயைத் திறக்காமல் அவ்வளவு தூரம் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

பாதி வழி தாண்டியதும் யாரெலி முன்னால் சாய்ந்தாள். சங்கிலி குலுங்கியது.

“மிஸ், கேக்கவே மறந்துட்டேன். ஆபீஸ் தப்பிச்சுதா?”

வெர்லீன் என்னைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன். அது அவளுடைய கேள்வி, அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

“தப்பிச்சுது, கண்ணு.”

“நிஜமாவா? மூடலையா?”

“மூடலை.”

யாரெலி சீட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அந்த விசாரணை நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

“அப்ப சரி. நான் பாட்டுக்கு எல்லாம் வீணாப் போச்சேன்னு நெனச்சிட்டிருந்தேன்.” கையைத் தூக்கப் பார்த்தாள். சங்கிலி மார்புக்கு மேலே விடவில்லை. “மிஸ் எல்வா, அதை இப்படிக் குடுங்க. முடிச்ச மாதிரிதானே?”

நான் திரும்பி உட்கார்ந்து கோப்பையை அவள் வாயருகே பிடித்தேன். உறிஞ்சுகுழல் சத்தம் போடும்வரை மிச்சமில்லாமல் குடித்தாள். உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த வெர்லீனின் நெற்றியைப் பார்த்துச் சொன்னாள்:

“ரெண்டுன்னு பேச்சு, மிஸ். இன்னொண்ணு பாக்கி இருக்கு.”