டிஸ்டர்பன்ஸ் என்று அவர்கள் சொன்னது

பதுளைக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்தபோது, அந்தத் தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தோட்டத்தை நடத்தும் பெரியதுரை. கொழும்பில் படித்து, வெள்ளைக்காரன் விட்டுப்போன தொப்பியோடு அவன் குரலையும் சேர்த்து எடுத்துப் போட்டுக்கொண்ட நம் நாட்டுக்காரர். இன்னொருவர் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர். துரை தும்மினால்கூட அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லக்கூடியவர். பதுளையில் கன்னியாஸ்திரிமாரிடம் படித்த நான் மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தேன்.

சேர்ந்த முதல் வாரமே கிளாக்கர் குடையை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை. தகரக் கூரை. துரையின் பங்களாவுக்கு நேர் கீழே இருந்தது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், துரைக்குப் பெரிய டிஸ்டர்பன்ஸா கிடக்காம். துரையின்ரை நோனா மத்தியானத்திலை கொஞ்சம் படுக்கிறவ."

"வாய்ப்பாடுதானே சார் சொல்லுறாங்க?"

"சொல்லட்டும். மனசுக்குள்ளை சொல்லச் சொல்லுங்கோ."

மனசுக்குள் வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகளை எப்படித் திருத்துவது என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன்" என்று குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆள் தன் ஆயுள் முழுவதும் செய்தது அது ஒன்றுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டுப் போவது.

அன்று சாயங்காலம் என் அகராதியை எடுத்துப் பார்த்தேன். இடைஞ்சல், தொந்தரவு, குழப்பம், கலகம் என்று போட்டிருந்தது. இடைஞ்சலும் கலகமும் எப்படி ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன என்று அப்போது ஆச்சரியப்பட்டேன். கதவில் குச்சியால் தட்டுகிறவனும் கதவைக் கொளுத்துகிறவனும் ஒன்றா? தோட்டத்தில் இருக்க இருக்கத்தான் அந்தச் சொல் ஏன் அவர்களுக்கு அவ்வளவு பிடித்தது என்று விளங்கியது. யார் செய்தது, யாருக்குச் செய்தது, எவ்வளவு செய்தது என்று எதையும் அது சொல்லாது. துரைக்குப் பிடிக்காத எதையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது கைக்குழந்தை அழுதால் டிஸ்டர்பன்ஸ். சாவு ஊர்வலத்துத் தப்புச் சத்தம் பங்களாவைத் தாண்டும்போது கேட்டால் டிஸ்டர்பன்ஸ். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் ஜீப்புகளில் வந்து இறங்கி, பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டு, குடித்து, நாய்களைக் குரைக்கவைத்தால் அதற்குப் பெயர் பார்ட்டி.

லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்துச் சனங்கள் அந்தச் சொல்லை வாங்கி, வாய்க்குத் தோதாக உடைத்து, 'டிஸ்டப்பு' ஆக்கிக்கொண்டார்கள். "அடியே டிஸ்டப்பு பண்ணாம தூங்குடி" என்று தாய் மகளை அதட்டுவாள். அவர்கள் வாயில் அது கொஞ்சம் மரியாதையான சொல்லாகவே இருந்தது.

என் அறை மேல் லயத்தின் கோடியில். பக்கத்துக் காம்பராவில் ஒரு அக்கா இருந்தாள். கொழுந்து பறிப்பவள். புருஷன் சங்கு ஊதியதும் மலைக்குப் போய், இருட்டினதும் வந்து படுக்கிற அமைதியான ஆள். அதனால் அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் அக்காவே பேசினாள். சின்னச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு மாடு இருந்தது. மாட்டிடமும் பேசுவாள்.

ஒரு வருஷம் மழை பொய்த்துப்போனது. மேல் லயத்துப் பொதுக்குழாயான பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகி, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. மழை இல்லாததால் என்றுதான் நாங்கள் நினைத்தோம். குழாய் பதிக்கிற வேலைக்குப் போன ஆள்தான் வந்து சொன்னான். நோனா பங்களாப் புல்வெளியில் மீன் வளர்க்கத் தொட்டி கட்டியிருந்தாள். மேலே ஊற்றிலிருந்து வரும் குழாயை அங்கே திருப்பியிருந்தார்கள். பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து, குடத்தை எடுத்துக்கொண்டு, ஓடை வரைக்கும் இன்னொரு மலை இறங்கி ஏறினார்கள். நானும் இறங்கி ஏறினேன். அரைக் குடம்தான் மிஞ்சும், மீதி சேலையில் சிந்திவிடும்.

அக்கா முதலில் கணக்கப்பிள்ளையிடம் சொன்னாள். பிறகு கிளாக்கரிடம். கிளாக்கர், "துரையிட்டைச் சொல்லுறன்" என்றார். சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். துரையிடம் ஒன்றைக் கொண்டுபோவது அவர் வேலையில்லை. துரையிடமிருந்து கொண்டுவருவதுதான்.

ஒரு நாள் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மேல் லயத்துப் பெண்கள் யாரும் வீட்டுக்கு வரவில்லை. காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு நேராகப் பங்களாவுக்குப் போய், புல்லில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை. கைதட்டல் இல்லை. "யாரும் வாயத் தொறக்கப்படாது" என்று அக்காதான் சொல்லி வைத்திருந்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்ததே எனக்குப் பெரிய அதிசயம்.

துரை ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே வரவில்லை. டெலிபோனை எடுத்துப் போலீசுக்குச் சொன்னார். எஸ்டேட்டில் டிஸ்டர்பன்ஸ்.

ஜீப் வந்தது. அதிலிருந்து ஒரு வயதான சார்ஜன் இறங்கினார். சிங்களவர். நித்திரையிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்த முகம். புல்லில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், மீன் தொட்டியைப் பார்த்தார். "கலபல எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர்கள் அமளிக்குச் சொல்லும் சொல் அது. கிளாக்கருக்குச் சிங்களம் சரியாக வராது என்பதால் என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் போனதும் அக்கா முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"டீச்சர், நாங்க டிஸ்டப்பு பண்ணுறோம்னு சொல்லுறாராமே. அப்படின்னா என்னாங்க?"

"சத்தம் போட்டு அமைதியக் கெடுக்கிறது அக்கா."

"நாங்க மூச்சுக்கூட விடலையே!"

கிளாக்கர் துரையிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "சத்தம் போடவேணும் எண்டில்லை. நீங்கள் இதிலை இருக்கிறதே டிஸ்டர்பன்ஸ்தான்."

அதை நான் சார்ஜனுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். உட்கார்ந்திருப்பதைக் கலபல என்று எழுத அவருக்கு மனம் வரவில்லைபோல் இருந்தது. ஆனால் துரையோ வராந்தாவில் வந்து நின்றுவிட்டார். வெறுங்கையோடு திரும்பினால் மரியாதை இல்லை. அதனால் அக்காவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். அவள் குடத்தையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, இருட்டுவதற்கு முன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வரும்போது ஸ்டேஷன் குழாயில் குடத்தை நிறைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மறுநாள் காலை பெரட்டில் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். அவளைச் சேர்க்கும்வரை மற்றப் பெண்களும் கூடையை எடுக்கவில்லை. கொழுந்து முற்ற ஆரம்பித்ததும் துரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்காவுக்கு வேலை கிடைத்தது, பீலியில் தண்ணீரும் வந்தது. மீன்கள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. துரை தன் கூட்டாளிகளிடம், தோட்டத்தில் ஒரு சின்ன டிஸ்டர்பன்ஸ் வந்தது, நானே அடக்கிவிட்டேன் என்று சொன்னாராம். அதைக் கிளாக்கர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். தானும் சேர்ந்து அடக்கியதுபோல.

பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்தத் துரை போனார், வேறு துரை வந்தார். தொப்பி இல்லை, குரல் அதேதான். தமிழ் இவருக்குச் சுத்தமாக வராது. பள்ளிக்கூடமும் அரசாங்கத்துக்குப் போனது, அதோடு நானும் அரசாங்க டீச்சர் ஆனேன். கிளாக்கர் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார்.

எண்பத்துமூன்றாம் வருஷம் ஆடி மாதம் பதுளை டவுனில் புகை எழும்பியதை மலையிலிருந்து பார்த்தோம். தமிழர் கடைகள் எரிகின்றன என்றார்கள். எங்களிடம் என்ன இருக்கிறது எரிக்க என்று நினைத்தோம். மத்தியானம் கொளுத்துகிறவர்களை ஏற்றிக்கொண்டு லொறிகள் தோட்டத்துப் பாதையில் ஏறி வந்தன. நாங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டோம். தேயிலைச் செடி இடுப்பளவுதான். ஒரு ஆளை மறைக்க வேண்டுமென்றால் அவர் மண்ணோடு மண்ணாகக் கிடக்க வேண்டும். மேல் லயம் முழுக்க எரிந்தது. கிளாக்கரின் குவாட்டர்ஸும் எரிந்தது. மாட்டை அவிழ்த்துவிட அக்காவுக்கு நேரம் கிடைக்கவில்லை. அது கத்திய சத்தத்தை நாங்கள் எல்லாரும் படுத்தபடியே கேட்டோம். அக்கா எழும்பி ஓடப் பார்த்தாள். அவள் புருஷனும் நானும் அவள் மேல் விழுந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டோம்.

டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். பாயும் இல்லை, போர்வையும் இல்லை. பக்கத்துத் தெரு முஸ்லிம் நானா ஒருவர், தன் கடையில் மிச்சமிருந்த பாண் ரொட்டியைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, யார் எவர் என்று கேட்காமல் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். ஒருவர் டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்திருந்தார். இங்கிலீஷ் செய்தியைத் திருப்பினேன். சில இடங்களில் டிஸ்டர்பன்ஸ், நிலைமை கட்டுப்பாட்டில் என்றது அந்தக் குரல். அந்த அறிவிப்பாளர் வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால்கூட அதைவிட அதிகமாகக் குரல் நடுங்கியிருக்கும்.

மண்டபத்தின் மூலையில் கிளாக்கர் தன் மனைவியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. உடுத்திய சாரத்தைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"டீச்சர், உந்த லயத்துப் பிள்ளையளைக் கொஞ்சம் அடக்குங்கோ. ஒரே அழுகை. சரியான டிஸ்டர்பன்ஸா கிடக்கு."

வைத்திருந்த பரிதாபம் அந்த நிமிஷமே போய்விட்டது. திரும்பி வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டேன்.

சில நாள் கழித்துப் புதுத் துரை வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பேசினார். கிளாக்கர் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார். டிஸ்டர்பன்ஸ் முடிந்துவிட்டது, கொழுந்து முற்றிப்போகிறது, லொறி அனுப்புகிறேன், நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வரவேண்டும் என்பது துரையின் பேச்சு. கிளாக்கர் அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார்.

அக்கா எழும்பி வாசலுக்குப் போனாள். மாடு போனதிலிருந்து அவள் யாரோடும் பேசியிருக்கவில்லை.

"எங்க லயம் எரிஞ்சுபோச்சு. எம் மாடு கட்டுத்தறியில வெந்து செத்துச்சு. எங்க வந்து படுத்து எந்திரிச்சு நாங்க ஒங்களுக்குக் கொழுந்து பறிக்கிறது? வந்தது யாருன்னு நீங்க பார்த்தீங்கதானே தொரை? பங்களாவுக்கு முன்னாடிதானே லொறி நின்னுச்சு?"

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று கிளாக்கரிடம் கேட்டார். கிளாக்கர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, இந்தப் பெண் கொஞ்சம் டிஸ்டர்ப்ட், சார், என்றார். மூளை கலங்கியவள் என்று அர்த்தம். என் அகராதியில் இல்லாத அர்த்தம் அது.

நான் எழும்பிப் போனேன். அக்கா சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே இங்கிலீஷில் துரைக்குச் சொன்னேன். மாட்டைச் சொன்னேன். லொறி நின்ற இடத்தையும் சொன்னேன். துரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். என்னையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. "லொறி நாளைக்கு வரும்" என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஏன் டீச்சர் தேவையில்லாத வேலை?" என்றார் கிளாக்கர்.

"நீங்க சொல்லாம விட்டத நான் சொன்னேன். அவ்வளவுதான் சார்."

மறுநாள் லொறி வந்தது. போக வேறு இடமில்லாதவர்கள் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் பின்னால் போனேன், பிள்ளைகள் போனதால். கிளாக்கர் ஏறவில்லை. கொழும்புக்குப் போய், அங்கிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. துரையிடமிருந்து நன்றி என்று ஒரு வார்த்தைகூட அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அக்கா குடும்பமும் ஏறவில்லை. வடக்கே வவுனியாப் பக்கம் அவள் புருஷனின் தம்பி காடு வெட்டிக் குடியிருந்தான், அங்கே போகப்போவதாகச் சொன்னாள். பதுளை பஸ் ஸ்டாண்டில் நான்தான் ஏற்றிவிட்டேன். கடைசிப் பையன் பஸ் கிளம்பும் முன்பே வாந்தி எடுத்துவிட்டான். அவள் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "போங்க டீச்சர், மழ வருது" என்றாள்.

பல மாசம் கழித்து அந்தப் பக்கம் போய் வந்த ஒருவர் அவளைப் பார்த்ததாகச் சொன்னார். சோளம் போட்டிருக்கிறார்களாம். கிணறு வெட்டியிருக்கிறார்களாம். வெயில்தான் தாங்க முடியவில்லை, குளிர் இல்லாமல் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவில்லை என்றாளாம்.