மூன்று வாரத் தூது

பேக்கரிக்காரம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் அண்ணன் ஒருதரம் ஏற்றிவிட்டு, பின்னால் பிடித்துக்கொண்டே வருகிறேன் என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார். நேராகப் போய்ச் சாக்கடையில் விழுந்தவள் அதற்கப்புறம் சைக்கிள் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் வருஷாவருஷம் எங்கோ வெளிநாட்டில் மூன்று வாரம் நடக்கிற, டிவியில் காட்டுகிற அந்தப் பெரிய சைக்கிள் பந்தயத்தைப் பற்றி அவளைக் கேட்டுப் பாருங்கள். எந்த மலையில் எவனுக்கு மூச்சு முட்டியது, எவன் யாருக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தான், எவனுக்கு எந்த இறக்கத்தில் முழங்கை தேய்ந்தது, எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பாள். ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டதில்லை. தலையெழுத்து.

அவள் புருஷனும் அவள் அண்ணனும் சேர்ந்துதான் பேக்கரியை நடத்தினார்கள். மாவு பிசைவது புருஷன், அடுப்பு அண்ணன், முன்கடையும் கேக் மேல் கிரீமில் பூப்போடுவதும் அவள். வருஷம் முழுக்க இரண்டு ஆண்களும் நகமும் சதையுமாக இருப்பார்கள். புருஷன் மச்சான் என்பார், அண்ணன் மாப்பிள்ளை என்பார். ஒரு டம்ளர் டீயை ஆளுக்குப் பாதி குடிப்பார்கள். பந்தயம் தொடங்கும் அன்று பேச்சு நின்றுவிடும். ஏனென்று கேட்டால் இரண்டு பேரும் உங்களைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். புருஷன் ஒரு வீரனின் பக்கம், அண்ணன் இன்னொருவனின் பக்கம். எதிரிக் கட்சிக்காரனோடு எப்படிப் பேசுவதாம்?

அந்த வீரர்களின் பெயர்கள் யார் வாயிலும் நுழையாது. அதனால் புருஷனுடைய ஆளுக்குச் சிட்டு என்று பெயர், ஒடிசலாகக் குட்டையாக இருப்பான். அண்ணனுடைய ஆள் நெட்டை. அவன் சைக்கிளில் உட்கார்ந்தால் ஏணியை மடக்கி வைத்த மாதிரி இருக்கும்.

பேச்சில்லாமல் பேக்கரி எப்படி நடக்கும்? நடுவில் ஒரு தங்கச்சி இருக்கிறாளே, போதாதா? மாவு மேஜைக்கும் அடுப்புக்கும் நடுவே நாலு எட்டுதான் தூரம். ஒருத்தர் இருமினால் இன்னொருத்தர் மேல் தெறிக்கும். அப்படியிருந்தும் அண்ணன் அவளைக் கூப்பிட்டு, மாவு இன்னும் கொஞ்சம் பொங்கட்டும் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல் என்பார். அவள் திரும்பி அதைச் சொல்வாள். புருஷன், பொங்கினது போதும், அடுப்பைச் சரியாகப் பார்த்துக்கொள்ளச் சொல் உன் அண்ணனை என்பார். அவள் மறுபடி திரும்புவாள். முன்கடையில் வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருப்பார். கடவுளே என்று தலையில் அடித்துக்கொள்ளத்தான் அவளுக்குக் கை ஒழியாது.

வேலைப் பேச்சாவது பரவாயில்லை. பந்தயப் பேச்சையும் அவள்தான் சுமக்க வேண்டும். நாளைக்கு மலையில் சிட்டுக்கு இறக்கை ஒடியப்போகிறது என்று இந்தப் பக்கம். நெட்டையை இறங்கித் தள்ளிக்கொண்டு வரச் சொல் என்று அந்தப் பக்கம். அவள் ஒன்றும் அசடு இல்லை. வாங்கின வார்த்தையை அப்படியே கொடுக்க மாட்டாள். சல்லடையில் மாவு சலிக்கிற மாதிரி சலித்து, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைத்தான் கொடுப்பாள். அண்ணன் சொன்ன மூன்று வசவில் ஒன்றுதான் புருஷனிடம் போய்ச் சேரும். அதுவும் 'பாவம்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டு போகும். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. கடைசி நாள் யாருடைய ஆள் தோற்றானோ அவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட சட்டம். "சரி, நாளைக்கு எவ்வளவு மாவு போடணும்?" என்று கேட்டால் தீர்ந்தது. அதோடு பந்தயமும் முடிந்தது, தூதும் முடிந்தது.

இந்த வருஷம்தான் எல்லாம் கெட்டது.

மூன்றாம் வாரத்தில் ஒரு பெரிய மலை. பின்கட்டில், ரொட்டிகளைப் பொதி கட்டுகிற அறையில், டிவி ஓடிக்கொண்டிருந்தது. நெட்டைதான் முதலிடத்தில் இருந்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கியர் மாற்றும்போது அவனுடைய செயின் கழன்றது. கூடவே வந்த சிட்டு ஒரு பார்வை பார்த்தான், எழுந்து நின்று மிதித்தான், போய்விட்டான். நெட்டை இறங்கிக் கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு செயினை மாட்டி முடிப்பதற்குள் முதலிடம் கைமாறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் முன்கடையில் இருந்தாள். பிறந்தநாள் கேக் வாங்க வந்த ஒரு அம்மாள், ரோஜா வேண்டாம் மல்லிகை போடு, மல்லிகை வேண்டாம் ரோஜாவே இருக்கட்டும் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் நடந்ததை எதிர்க் கண்ணாடிக்கடைக்காரர்தான் அப்புறம் சொன்னார். மூக்குக்கண்ணாடி விற்கிறவர், பந்தயம் என்றால் தன் கடையைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். செயின் கழன்று நிற்கிறவனை விட்டுவிட்டு ஓடுகிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று அண்ணன் டிவியைப் பார்த்துக் கத்தினாராம். புருஷனும் டிவியைப் பார்த்தே, பந்தயத்தில் யாருக்காக யார் நிற்பார்கள் என்றாராம். அதற்கு அண்ணன், அதே டிவியைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்:

"ஏன், நிக்கலையா? நீ இடுப்பொடிஞ்சு கெடந்தப்ப நான் வந்து நிக்கலையா?"

புருஷன் எழுந்து மாவு மேஜைக்குப் போய்விட்டாராம்.

விஷயம் இதுதான். கடை தொடங்கின புதிதில், எண்ணெய் சிந்தின தரையில் வழுக்கி விழுந்து புருஷனுக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. மாதக்கணக்கில் படுக்கை. அண்ணன் அப்போது வேறு ஊரில் ஒரு பெரிய கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். கேள்விப்பட்ட அன்றே வேலையை விட்டுவிட்டு வந்தார். ரொட்டி சுடுவது எப்படி என்று படுக்கையில் கிடந்தவரிடமே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, கையெல்லாம் சுட்டுக்கொண்டு, கடையை மூடவிடாமல் காப்பாற்றினார். மாப்பிள்ளை எழுந்து நடந்த பிறகும் போகவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாத மனுஷர், அங்கேயே தங்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னவரில்லை. இப்போது சொல்லிக்காட்டிவிட்டார். அதுவும் நாலு பேர் முன்னால்.

ஒரு குடும்பத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். திட்டலாம், சண்டை போடலாம். செய்ததைச் சொல்லிக்காட்டினால் மட்டும் அது ஆறவே ஆறாது. அவளுக்கு அது தெரியும். தான் அந்த நேரம் உள்ளே இருந்திருந்தால் அந்தச் சொல்லைப் போகவிட்டிருப்போமா என்று நினைத்து நினைத்துப் புழுங்கினாள். பாழாய்ப்போன ரோஜா, பாழாய்ப்போன மல்லிகை!

அன்று படுக்கும்போது மெல்ல ஆரம்பித்தாள். அண்ணன் ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். புருஷன் கோபப்பட்டிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவர் கோபப்படவில்லை. உள்ளதைத்தானே சொன்னார் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அண்ணன் இன்னும் மோசம். மறுநாள் பரண்மேல் இருக்கிற பெட்டியை இறக்கித் துடைத்து வைக்கச் சொன்னார். பழைய கேன்டீனில் இப்போதும் கூப்பிடுகிறார்களாம். எப்போது போகிறாய் அண்ணா என்று கேட்டால், பந்தயம் முடியட்டும் என்றார். நடுவில் போனால் தோல்விக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று ஊர் பேசுமாம். இந்த நிலைமையிலும் மனுஷருக்குக் கட்சி மானம் முக்கியம்!

ஆக, தெருவே பந்தயம் எப்போது முடியும் என்று காத்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் அது முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பந்தயம் முடிந்தால் அண்ணன் போய்விடுவார். போனால் திரும்பி வரமாட்டார். புருஷனும் போகாதீர்கள் என்று சொல்லமாட்டார். இரண்டும் ஒரே வார்ப்பு.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியத்தோடு கடையை அடைத்தாயிற்று. பின்கட்டில் கண்ணாடிக்கடைக்காரர், ஒரு பஸ் டிரைவர், இன்னும் நாலைந்து பேர், காலியான மாவு டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கோடியில் புருஷன், அந்தக் கோடியில் அண்ணன். நடுவில், வழக்கம்போல, அவள்.

கடைசி நாளில் முதலிடத்துக்காக யாரும் யாரையும் துரத்துவதில்லை. அது அந்தப் பந்தயத்தின் மரியாதை. ஊருக்குள் ஊர்வலம் போகிற மாதிரி பேசிக்கொண்டே ஓட்டுவார்கள். கோடு நெருங்கும்போது வேகக்காரர்கள் மட்டும் அடித்துக்கொள்வார்கள். ஆனால் கீழே விழுந்து தொலைத்தால் எல்லாம் போச்சு. அன்றைக்குப் பார்த்து அங்கே மழை. ஒரு திருப்பத்தில் சிட்டுவின் பின்சக்கரம் வழுக்கியது. அறையே பதறியது. அதில், பார்த்துப் போடா என்று முதலில் அலறின குரல் அண்ணனுடையது. அலறிவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்பதுபோல வாயைத் துடைத்துக்கொண்டார். சிட்டு விழவில்லை.

எல்லோரும் கோட்டைக் கடந்து வந்து சேர்ந்தார்கள். சிட்டு ஜெயித்தான். அந்த அறையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஜெயித்த கட்சி குதிக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பஸ் டிரைவர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு, அப்பாடா, ஒருத்தனும் சாகாமல் வந்து சேர்ந்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நெட்டை கட்சி. கண்ணாடிக்கடைக்காரர் சிட்டு கட்சி. இனிமேல் வீட்டில் எனக்குச் சூடாகச் சாப்பாடு கிடைக்கும் என்றார் அவர். மூன்று வாரமாகப் பிடித்துவைத்த மூச்சை ஆளாளுக்கு விட்டதில் அறையே கொஞ்சம் சூடானது.

அப்புறம் நெட்டையைப் பேட்டி கண்டார்கள். அன்று மலையில் சிட்டு நிற்காமல் போனானே, வருத்தம் இல்லையா என்று கேட்டார்கள். திரையின் அடியில் ஓடின எழுத்தைக் கண்ணாடிக்கடைக்காரர் எல்லோருக்குமாக வாசித்தார். அன்றைக்குக் கோபம்தான், ஆனால் நானாக இருந்தாலும் போயிருப்பேன் என்று சொல்லிவிட்டு நெட்டை சிரித்தான். பக்கத்தில் வந்த சிட்டுவின் தலையில் செல்லமாக ஒரு தட்டும் தட்டினான். சம்பந்தப்பட்டவனே விட்டுவிட்டான், நாம்தான் இங்கே மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று எல்லோரும் சிரித்தார்கள். புருஷன் சிரிக்கவில்லை. அண்ணன் சுண்டிப்போன முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் எழுந்து போனார்கள். டிவியை அணைத்தாள். மூன்று பேர் மட்டும் மிச்சம். தோற்றவர் முதலில் பேச வேண்டும். அண்ணன் தொண்டையைச் செருமினார். அவர் புருஷனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. நாளைலேர்ந்து அடுப்புக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லு. நான் கெளம்பறேன்."

பழக்கதோஷம் பாருங்கள், அவள் தலை தானாகப் புருஷன் பக்கம் பாதி திரும்பிவிட்டது. பாதியில் நின்றது. எங்கிருந்துதான் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "ரேஸ் முடிஞ்சிடுச்சு. இனிமே தூது கெடையாது. போறதா இருந்தா அவர் மூஞ்சியப் பாத்து நீயே சொல்லிட்டுப் போ."

நியாயம்தானே? அவர்கள் போட்ட சட்டம்தானே? அண்ணன் எழுந்தார். மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். 'நான்' என்பது மட்டும் வந்தது. பழுக்கக் காய்ந்த தட்டை வெறும் துணியில் பிடித்துத் தூக்குகிற மனுஷருக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தூக்க முடியவில்லை.

புருஷன்தான் பேசினார். குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

"நீங்க சொல்லிக்காட்டலை மச்சான். இத்தனை வருஷத்துல நான் ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கணும், நீங்க இல்லேன்னா நான் இல்லேன்னு. நான் சொல்லலை. அதான் நீங்க சொல்ல வேண்டியதாப் போச்சு."

அண்ணன் பக்கத்திலிருந்த டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அதைச் சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கலை மாப்பிள்ளை," என்றார் பொத்திய கைக்குள்ளிருந்து.

எனக்கு மட்டும் இறங்கியதா என்று புருஷன் கேட்டார். அழுதார்கள் என்று சொல்ல மாட்டேன், இரண்டு பேரும் சத்தியம் பண்ணி மறுப்பார்கள். மூக்கை மட்டும் ரொம்ப நேரம் உறிஞ்சினார்கள். பிறகு அண்ணன், இருந்தாலும் அந்தச் சிட்டு ஒரு நொடி திரும்பிப் பார்த்திருக்கலாம் என்றார். பார்த்தானே, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றார் புருஷன். எங்கே பார்த்தான்? ஐயோ, செயின் கழன்றதுமே பார்த்தான் மச்சான். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. மூன்று வாரமாக அடைத்து வைத்த பேச்சு அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. இவர் முடிப்பதற்குள் அவர், அவர் முடிப்பதற்குள் இவர். மலை, இறக்கம், மழை, டயர் என்று கைகளை வீசி வீசிப் பேசினார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போடட்டுமா என்று கேட்டாள். இரண்டு பேரும் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக இன்னொரு தரம் கேட்டாள். அண்ணன் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கி என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் சொல்வதை யாரும் காதில் வாங்கவில்லை. அவள் அங்கேயே நின்று அந்த நிம்மதியை ஆசைதீர அனுபவித்தாள்.