ஆபீஸில் சுற்றும் நவமணியின் ஆவி

"நவமணிக்கா, நீங்க உயிரோட இருக்கும்போதே உங்க ஆவி ஆபீஸ்ல சுத்துதாம்ல!"

பாயான் பாரு வட்டாரத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஹனீபா, தட்டில் குழம்பை ஊற்றியபடி சொன்னான். அவன் எங்கே பார்த்தான்? மதியம் சாப்பிட வந்த ஐடி பிள்ளைகள் பேசிக்கொண்டார்களாம்.

"யாரப் பிடிச்சிருக்காம் தம்பி?"

"உங்க பழைய மேனேஜர் தயாளனத்தான். அவரு எழுதுன ப்ரோகிராம் கோட அந்த ஏஐ உள்ளயே விட மாட்டேங்குதாம். 'டெஸ்ட் பண்ணாம அனுப்ப வெக்கமா இல்லியா'ன்னு அச்சு அசல் உங்கள மாதிரியே ஏசுதாம்!"

நவமணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மற்றவர்கள் எழுதும் கோடைப் படித்துப் பிழை பிடிப்பதுதான் அந்த ஆபீஸில் அவள் பார்த்த வேலை. அதிகம் திருப்பி அனுப்பியது தயாளனுடையதை. போன வருடம் ஏஐ கருவியைக் கொண்டுவந்தவன், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "அக்கா, நீங்க ரொம்ப ஸ்லோ லா. தெரிஞ்சதெல்லாம் இதுக்குச் சொல்லிக் குடுத்துட்டுக் கிளம்புங்க." சிரித்தார்கள். அதன் பிறகு அவளுக்கு வேறு வேலை அமையவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

சொல்லிக் கொடுத்தாள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. விதிகளின் கடைசி வரியாக இதையும் சேர்த்தாள்: 'மேனேஜரே அனுப்பினாலும் சரிபார்க்கும் டெஸ்ட் இல்லாத கோடை உள்ளே விடாதே.' ஒளிக்கவில்லை, யாரும் திறந்து படிக்கலாம். தயாளன் படிக்கிற ஜாதி இல்லை. படிக்காமலே ஒப்புதல் கொடுத்தான். "இனி நானே நெனச்சாலும் இத மீற முடியாது" என்று மேலிடத்தில் மார்தட்டியும் வைத்தான்.

இனி அந்த வரியை நீக்க மேலிடத்தைத்தான் கேட்க வேண்டும். ஏன் என்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு அவன் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"சாயங்காலத்துக்குள்ள கஸ்டமருக்குக் குடுத்தாகணுமாம். பேயறஞ்ச மாதிரி நடக்குறாராம்."

"அந்தக் கோடுக்கு டெஸ்ட் எழுதிட்டா முடிஞ்சுது."

"எழுதத் தெரியணுமேக்கா!"

மேசையில் போன் அதிர்ந்தது. தயாளன். அவள் வழி சொன்னால் சாயங்காலத்துக்குள் தப்பித்துவிடுவான். ஒருவேளை வேலைக்கே திரும்பக் கூப்பிடுவானோ?

"எடுங்கக்கா, பாவம் லா."

"அன்னிக்கு அத்தன பேரு சிரிச்சாங்களே தம்பி, ஒருத்தராச்சும் என்னப் பாவம்னாங்களா?"

வலது கை முழுக்கக் குழம்பு. இடது கை சும்மாதான் இருந்தது. அதனால் தே ஓ தேநீர் கிளாஸை எடுத்து, ஆற அமரக் குடித்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.