ரங்கூனம்மாவின் சொந்த ஊர்

அந்தப் பெண்மணியை நினைத்தால், என் மேசைக்கு எதிரே ஒரு பிஸ்கட் டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர் நின்ற விதம்தான் முதலில் மனதில் வருகிறது. மூடியில் இருந்த படம் தேய்ந்து, தகரம் மட்டும் மின்னியது. அதற்குள்ளே அவருடைய காகிதங்கள் எல்லாம் இருந்தன. கப்பல் ஏறியபோது கொடுத்த சீட்டு, சென்னைத் துறைமுகத்தில் முத்திரை குத்திய தாள், முகாமில் பதிந்து கொடுத்த அட்டை. எதைக் கேட்டாலும் தேடாமல் உடனே எடுத்துக் கொடுப்பார். உட்காரச் சொன்னால், “இருக்கட்டும் சார்” என்பார். உட்காரச் சொன்னது ஒரே ஒரு முறைதான் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பர்மாவில் கடைகளையும் ஆலைகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே தலைமுறையாக வாழ்ந்த நம்மவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம். முகாமில் சில மாதங்கள் வைத்திருந்து, அவரவர் சொந்த ஊர்ப் பக்கம் அனுப்பினார்கள். அப்படித் திண்டிவனத்துக்கு அனுப்பப்பட்ட பதினொரு குடும்பங்கள், ஊருக்கு வெளியே பயன்படாமல் கிடந்த ஒரு கிடங்கில் தங்கியிருந்தன. அவர்களுடைய சொந்த ஊர் எது என்று விசாரித்து உறுதி செய்தால்தான் மனை கிடைக்கும். உறுதியாகாதவர்கள் மறுபடி முகாமுக்குப் போக வேண்டும். அந்த விசாரணைக் காகிதங்கள் எங்கள் அலுவலகத்தின் வழியாகப் போய் வந்தன. எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நான் அங்கே இளநிலைக் குமாஸ்தா. வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் ரங்கூனிலேயே இறந்துவிட்டார். இரண்டு பெண்கள். மூத்தவளுக்குத் திண்டிவனத்தில் எட்டாம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. தையல் தெரிந்தவர் என்பதால் கிடங்குக்கு அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் ரவிக்கை தைக்கக் கொடுத்தார்கள். எல்லோரும் ‘ரங்கூனம்மா’ என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான்.

அவருடைய கோப்பில் ‘சொந்த ஊர் உறுதியாகவில்லை’ என்று எழுதியிருந்தது. முகாமில் பதிந்த அட்டையில் ஊர் பெரும்பாக்கம். பெரும்பாக்கத்துக்கு எழுதிக் கேட்டதில், அப்படி ஒரு குடும்பம் இங்கே இருந்ததில்லை என்று பதில் வந்துவிட்டது. அதை நான் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

“நான் பெருமுக்கல்னுதானே சார் சொன்னேன். எங்கப்பாரு ஊரு பெருமுக்கல்.”

“அட்டையில பெரும்பாக்கம்னு இருக்குதும்மா. பேப்பர்ல என்ன இருக்குதோ அதைத்தான் நாங்க பார்க்க முடியும்.”

“பேப்பர்ல எழுதினவரு நான் சொன்னதைக் கேட்டுதானே எழுதினாரு. இப்பவும் நான்தானே சொல்றேன்.”

எனக்கு அது விளங்காமல் இல்லை. திருத்தத்துக்கு மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும், அதற்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும், தலைமைக் குமாஸ்தா ஏன் எதற்கு என்று குடைவார். எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று கோப்பை அலமாரியில் வைத்தேன். அது அங்கே நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் ஆறேழு தடவை அவர் வந்து போயிருப்பார். நான் சொன்ன பதில் ஒன்றே: “விசாரணையில இருக்குதும்மா.”

இதற்கிடையில், மனைக்கான இடம் திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்துப் புறம்போக்கில் பார்க்கப்பட்டிருந்தது. அந்த ஊரில் அதை யாரும் விரும்பவில்லை. மாடு மேய்கிற இடம் அது. குடிநீருக்கு ஊரில் ஒரே கிணறு. இதையெல்லாம் பேச எம்.எல்.ஏ. ஒரு நாள் பிற்பகல் அங்கே வந்தார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமைக் குமாஸ்தாவுடன் கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கிடங்கிலிருந்து நாலைந்து பேர் வந்து கூட்டத்தின் ஓரமாக நின்றார்கள். ரங்கூனம்மாவும் இருந்தார்.

முதலில் எழுந்தவர் அந்த ஊர்ப் பஞ்சாயத்து மெம்பர். நான்கு காணியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர், கட்டையான குரல்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். ஓட்டுக் கேக்க வந்தப்ப வூட்டுக்கு வூடு வந்தீங்க, இதுக்கு யாரும் வந்து சொல்லல. எங்க ஊர்ல வந்து குடியிருக்கப் போறவங்க யாரு, எவரு? விசாரிச்சீங்களா? விசாரிச்சதுல என்ன தெரிஞ்சுது? அதைச் சொல்லிட்டு அப்புறம் எடத்தை அளங்க.”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. கஷ்டப்பட்டு வந்த நம் மக்கள், நாம்தான் ஆதரிக்க வேண்டும் என்று எம்.எல்.ஏ. பேசத் தொடங்கினார். அவர் நல்ல பேச்சாளர். ஆனால் அவர் முடிப்பதற்குள் ரங்கூனம்மா முன்னால் வந்துவிட்டார்.

“அவரு கேட்டதையேதாங்க நானும் கேக்கறேன். எட்டு மாசமா விசாரிக்கறோம் விசாரிக்கறோம்னு சொல்றாங்க. யாரை விசாரிச்சாங்க? எங்கிட்ட வந்து யாரும் ஒண்ணும் கேக்கலையே. என்ன தெரிஞ்சுதுன்னு எனக்கும் சொல்லுங்க.”

மெம்பர் திரும்பி அவரைப் பார்த்தார். தன்னை எதிர்த்துப் பேச வந்தவள் என்று நினைத்திருப்பார். தன் கேள்வியையே அவளும் கேட்பாள் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்.

எம்.எல்.ஏ. தன் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டார். பிறகு சொன்னதை நான் இன்றும் மதிப்போடு நினைக்கிறேன். “எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிக்காம வந்தது என் தப்பு.” எங்கள் பக்கம் திரும்பி, “இந்தம்மாவோட பேப்பர் யாருகிட்ட இருக்குது?” என்று கேட்டார்.

தலைமைக் குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் எழுந்து கட்டைப் பிரித்தேன். சொந்த ஊர் பெரும்பாக்கம், விசாரித்ததில் அப்படி யாரும் இல்லை என்று படித்தேன்.

“பெரும்பாக்கம் இல்லீங்க, பெருமுக்கல். இந்த சாருகிட்ட எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன்” என்றார் ரங்கூனம்மா. அதில் குற்றச்சாட்டின் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

“சொன்னாங்களா?” என்று எம்.எல்.ஏ. கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் தலைமைக் குமாஸ்தா இருமினார். “சொன்னாங்க சார். நான்தான் எழுதாம வச்சிட்டேன்” என்றேன். என் வேலை அன்றோடு போயிற்று என்றே நினைத்தேன்.

மெம்பர் அதற்குள் ரங்கூனம்மாவைக் கேட்க ஆரம்பித்திருந்தார். “ஏம்மா, பெருமுக்கல்னு சொல்றியே, நீ போயிருக்கியா?”

“இல்லீங்க. நான் ரங்கூன்ல பொறந்தவ. எங்கப்பாரு சொல்லிக்கினே இருப்பாரு. மலைமேல கோயிலு, அதுக்குக் கீழ வூடு, ஆடிப்பட்டத்துல மல்லாட்டை போடுவோம்னு.”

இந்தப் பக்கத்துக்காரர்கள் மட்டுமே சொல்கிற மல்லாட்டை என்ற சொல்லைக் கேட்டதும் மெம்பரின் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் அவர் அதோடு விட்டுவிடுகிற ஆள் இல்லை. “எட்டு நாள்ல பதில் வேணுங்க” என்றார் எம்.எல்.ஏ.விடம். “கேட்டவன் நான். நானும் கூடப் போயி பார்த்துட்டு வர்றேன்.”

எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை. கோப்பைத் திருத்தி, நேரில் போய் விசாரித்து வரும்படி எனக்கே உத்தரவும் வந்தது. மெம்பரின் மாட்டுவண்டியில் நாங்கள் மூவரும் ஒரு காலையில் பெருமுக்கல் போனோம். மலை கண்ணுக்குத் தெரிந்ததும் ரங்கூனம்மா வண்டியின் முளைக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் பார்வையை அதிலிருந்து எடுக்கவில்லை.

மூன்று தெருக்களில் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. அவர் அப்பா ஊரைவிட்டுப் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியில் ஒருவர், கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள் என்றார். வயதாகி வேலையை விட்டிருந்த அந்தக் கொத்தனார், ரங்கூனம்மாவின் அப்பா பெயரைக் கேட்டதும் பதில் சொல்லாமல், “அவன் தம்பி பேரு என்ன?” என்று திருப்பிக் கேட்டார். ரங்கூனம்மா சொன்னார். “அவங்கம்மாவுக்கு எந்தக் கண்ணு தெரியாது?” என்றார். “எடது கண்ணுன்னு அப்பாரு சொல்லுவாரு.” கொத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“எங்க பக்கத்து வூடுதாம்மா. ரங்கூன்லேர்ந்து கடுதாசி வந்துக்கினு இருந்துது. சண்டை வந்துது, நின்னுபோச்சு. குண்டு போட்டு செத்துட்டான்னு நெனைச்சி, எள்ளும் தண்ணியும் எறைச்சிட்டு, தம்பிக்காரன் ஊரைவுட்டே பூட்டான்.”

“அப்பாரு செத்து நாலு வருசம்தாங்க ஆவுது” என்றார் ரங்கூனம்மா. “சண்டை முடிஞ்சதும் இங்க கடுதாசி போட்டாரு. எல்லாம் திரும்பி வந்துடுச்சு.” எத்தனையோ முறை என் மேசையிலிருந்து பதிலில்லாமல் திரும்பியபோதெல்லாம் அழாதவர் அன்று அழுதார்.

விதிப்படி இரண்டு பேர் அடையாளம் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். கொத்தனார் ஒருவர். இரண்டாமவராக மெம்பரைப் போடச் சொல்லலாமா என்று தயங்கினேன். அவரே காகிதத்தை வாங்கினார். “இவங்க அப்பாரை எனக்குத் தெரியாது. அதை எழுத மாட்டேன். இங்க வந்து நான் கேட்டதையும் பார்த்ததையும் எழுதறேன்” என்று சொல்லி, அரைமணி நேரம் மெதுவாக எழுதினார். என் வேலைக்காலத்தில் அதைவிட நேர்மையான ஒரு சாட்சியத்தை நான் கோப்பில் சேர்த்ததில்லை. அது போதும் என்று மேலிடத்திலும் ஏற்றுக்கொண்டார்கள்.

மெம்பர் கேட்ட எட்டு நாள் பதினைந்தாயிற்று. ஆனால் எம்.எல்.ஏ. வந்தார். அதே வேப்பமரத்தடியில் ஒவ்வொரு குடும்பமாகப் படித்தார். யாருடைய விசாரணை முடிந்தது, யாருக்கு இன்னும் என்ன தேவை, ஏன் தாமதம் என்று எதையும் மறைக்கவில்லை. ரங்கூனம்மா உட்பட மற்றவர்களுக்கு அந்த ஊரிலேயே மனை அளந்து கொடுத்தார்கள்; இரண்டு குடும்பங்களுக்கு மட்டும் காகிதம் வர மேலும் ஒரு வருஷம் பிடித்தது. கிணறு பற்றி மெம்பர் கேட்டார். இன்னொரு கிணறு வெட்ட அனுமதி வாங்கித் தருவதாக எம்.எல்.ஏ. சொன்னார். அடுத்த கோடையில் வெட்டினார்கள். மண் சுமந்தவர்களில் கிடங்கிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். தண்ணீர் வந்த அன்று மெம்பர் முதல் குடத்தை யாருக்குக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அப்போது என்னை விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது இந்தப் பக்கமெல்லாம் மாறிவிட்டது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருவதற்குள் எத்தனை புதுக் குடியிருப்புகள் என்று எண்ண முடியவில்லை. காகிதம் காட்டச் சொல்கிற அலுவலகங்களும் பெருகிவிட்டன. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எழுதியிருப்பதைப் பார்க்கிறார்கள், எதிரே நிற்பவர் சொல்வதைக் கேட்கிறார்களா என்று தெரியவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்பது எனக்குத் தெரியும்.

விழுப்புரத்தில் இருந்தபோது ஒரு நாள் ரங்கூனம்மா என்னைத் தேடி வந்தார். அறுபதுகளின் கடைசி. மூத்த பெண் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருப்பதைச் சொல்ல வந்தார் என்றே நினைத்தேன். அதையும் சொன்னார். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் பின்னால், வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே வந்தார் மெம்பர்.

“இவங்க யாரு, எவருன்னு எனக்குத் தெரியாது” என்றார் மெம்பர் எடுத்த எடுப்பில். “நல்லா விசாரிங்க.”

“அதுக்குத்தானே கூட்டிக்கினு வந்திருக்கோம்” என்றார் ரங்கூனம்மா. குழந்தைகளின் தாயைத் தோளில் தொட்டு முன்னால் தள்ளினார். “பயப்படாத. ஒங்க ஊரு பேரைச் சொல்லு. நிறுத்தி, நிதானமா சொல்லு. சார் எழுதிக்குவாரு.”

நான் எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னேன். அந்தப் பெண் சொன்ன பெயரைக் கேட்டு, எழுதுவதற்கு முன் ஒருமுறை திருப்பிச் சொன்னேன். “இல்லீங்க” என்று அவள் தலையசைத்து மறுபடி சொன்னாள். இந்த முறை சரியாகக் காதில் விழுந்தது.