செம்மொழி போடாத கையெழுத்து

தஞ்சாவூருக்கு வெளியே வாஷ்பேசின் செய்யும் ஆலை ஒன்றில் மண்ணைச் சோதிப்பது செம்மொழியின் வேலை. வலங்கைமான் பக்கம் நடவு நட்ட குடும்பத்திலிருந்து படித்து வந்தவள். அவள் ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கலவையும் தொட்டிக்குள் போகக் கூடாது.

மேலாளர் இராஜாங்கம் அவளைக் கேட்காமலே கலவையை மாற்றினார். ‘பால் கிளே’ என்ற களிமண்ணைப் பாதியாகக் குறைத்தார். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பந்து பந்தாக வெட்டியெடுத்ததால் வந்த ஆங்கிலப் பெயர். மண் கறுப்பாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பதிலுக்கு வெள்ளை மண்ணைக் கூட்டினார்.

ஒரு வாரத்தில், அச்சிலிருந்து தூக்கும்போதே பேசின்களின் விளிம்பு பிய்ந்து கையோடு வந்தது. தூக்குகிறவர் ராசம்மாள், பதினொரு வருட அனுபவம். அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று அறிக்கை தயாரானது. கலவை சரிதான் என்று செம்மொழி அதில் கையெழுத்துப் போட்டால் அவரை வேலையை விட்டு நிறுத்திவிடலாம்.

“தப்பு கலவையில இருக்கு சார். அக்கா கையில இல்ல.”

சேற்றில் நடந்த கால்களுக்கு எல்லா மண்ணும் தெரிந்துவிடுமோ என்றார் இராஜாங்கம்.

“தெரியும் சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பழைய கலவையிலும் புதிய கலவையிலும் விரல் தடிமனுக்குக் குச்சிகள் செய்து காயவைத்தாள். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தபோது, இரண்டு செங்கல்லுக்கு நடுவே புதிய கலவைக் குச்சியை வைத்து, அதில் வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாவது குவளையில் ஒடிந்தது. பழைய கலவைக் குச்சி எட்டாவது குவளைக்கும் அசையவில்லை. கூட்டம் இராஜாங்கத்தைத் திரும்பிப் பார்த்தது.

“இந்தக் கறுப்பு மண்ணுதான் இழுத்துப் பிடிக்குது சார். கூடிப்போனா சுருங்கிக் கோணும், குறைஞ்சா இப்படி உடையும்.” அதே மண்ணைச் சூளையில் சுட்ட ஒரு துண்டை நீட்டினாள். இளம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. “கறுப்பெல்லாம் சூட்டுல எரிஞ்சு போயிடும்.”

அவர் துண்டை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அறிக்கை மறைந்தது. மறுநாள் பழைய அளவு திரும்பியது. ராசம்மாள் தன் இடத்திலேயே நின்றார்.

செம்மொழியை மட்டும், வெயில் காயும் மண் கிடங்குக்கு மாற்றினார்கள். மறுபேச்சின்றிப் போனாள். மூன்றாம் நாள் மணல் கலந்த மண்ணோடு வந்த லாரியை, இறக்க விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.