ஒற்றை விசில்

சமயநல்லூரில் எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் கறுப்புக் கயிற்றோடு பூச்சு உதிர்ந்த விசில் ஒன்று தொங்குகிறது. டவுன் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்த என் மாமனார், ஓய்வு பெற்ற அன்று மாட்டியது.

குரூப் டூ முதல்நிலைத் தேர்வுக்கு நுழைவுச் சீட்டு வந்தபோது என் மகனுக்கு ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் மயிரிழையில் கோட்டை விட்டிருந்தேன். இந்தத் தடவையும் போனால் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, லீவு இல்லை. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். வீட்டில் நானும் மாமனாரும் குழந்தையும்தான். படிப்பில் எனக்குப் பயமே இல்லை. பயமெல்லாம் பாலில் இருந்தது. என் மகன் என்னிடம் தவிர வேறெதிலும் வாய் வைக்கமாட்டான். பிழிந்து பாலாடையில் புகட்டினால் புர்ரென்று துப்பிவிட்டு, மூச்சு அடங்கி முகம் கறுக்கும்வரை அழுவான். தேர்வு மூன்று மணி நேரம், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போய்விட வேண்டும். நாலு மணி நேரம் இந்தப் பிடிவாதக்காரன் பட்டினி கிடந்தால் என்ன ஆவான் என்று நினைத்தாலே புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

மாமனார்தான் ஒத்திகை என்று ஆரம்பித்தார். "தெனம் ஓட்டிப் பாத்தாத்தானம்மா ரூட்டு பழகும்" என்றார். தினமும் காலை எட்டரைக்கு நான் பழைய வினாத்தாளோடு பின்னறைக்குள் போய்விட வேண்டும், அவர் குழந்தையோடு முன்னறையில். இரட்டை விசில் கொடுத்தால் எழுத ஆரம்பிக்கலாம், ஒற்றை விசில் கொடுத்தால் நிறுத்த வேண்டும். பஸ்ஸில் உள்ள அதே கணக்கு. முதல் நாள் குழந்தை வீறிட்டதும் நாலாவது கேள்வியிலேயே கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்துவிட்டேன். "நடுவழியில எறங்குனா எப்படி ஆத்தா ஊரு போய்ச் சேருவ?" என்று சத்தம் போட்டார். மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது. நல்ல நாளில் நாலு பாலாடை குடிப்பான், கெட்ட நாளில் ஒரு சொட்டு இறங்காது. தேர்வுக்கு முந்தின நாள் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

நான் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். அழுதும் விட்டேன். அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "கேட்டுக்கு வெளியவேதான் நிப்பேன். புள்ளைக்கு முடியலைன்னா ஒத்த விசில் கொடுக்கேன், வந்துரு. அம்புட்டுத்தான்" என்றார். தேர்வு முடியும் முன்னால் யாரையும் வெளியே விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மறுநாள் காலையில் தலை சீவிக் கிளம்பினேன். தேர்வு நடந்த பள்ளிக்கூட வாசலில் குழந்தையையும் பிழிந்து வைத்த பாலையும் அவர் கையில் கொடுத்தபோது, சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "போ, போ" என்றார்.

எனக்கு இடம் மாடியில், ஜன்னலோரம். மணி அடித்து, பெயருக்கும் எண்ணுக்கும் நேரே வட்டங்களைக் கருப்பாக்கிக்கொண்டிருக்கும்போது வெளியே ஓர் ஒற்றை விசில். பேனா கையை விட்டு நழுவியது. அடுத்த நிமிடமே இரட்டை விசில். அடப்பாவி, பஸ்! பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியே மாட்டுத்தாவணி பஸ்கள் நிற்கும் நிறுத்தம் இருந்தது. மூன்று வாரம் ஒத்திகை பார்த்த இரண்டு புத்திசாலிகளுக்கும் அது மட்டும் உறைக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வோர் ஒற்றை விசிலுக்கும் பேனா நின்றது. பின்னாலேயே இரட்டை விசில் வந்தால் அது பஸ், மூச்சு விடலாம். வராவிட்டால் அது மாமா. இருநூறு கேள்விகளையும் இப்படித்தான் செத்துச் செத்துப் பிழைத்து எழுதினேன். ஒரு தடவை இரட்டை விசில் வரவே இல்லை. பாதி எழுந்துவிட்டேன். "என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா? ஒக்காருங்க" என்றார் மேற்பார்வையாளர். மார்பு கல்லாகக் கட்டி, சுடிதார் நனைந்து, துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு நின்றேன். எந்தக் கிழவியை ஏற்றிக்கொண்டிருந்தார்களோ, ரொம்ப நேரம் கழித்து இரட்டை விசில் வந்தது. உட்கார்ந்தேன்.

வெளியே ஓடிவந்தபோது எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் மாமா நின்றிருந்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். "தூங்கிட்டே கெடந்தான்மா, ஒரு சத்தமில்ல" என்றார். வாங்கிய அசைவில் விழித்து அழுதான். குரலே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அவர் சட்டை தோளிலிருந்து வயிறு வரை துப்பிய பாலில் விறைத்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்துக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். வீடு வரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். ஆணியில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, நீங்க இதைக் கொண்டுட்டே போகலையா?"

கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "கொண்டுட்டுப் போயிருந்தா ஊதியிருப்பேன் ஆத்தா" என்றார்.

அந்தத் தேர்விலும் தேறி, அடுத்ததிலும் தேறி, இன்று மதுரையில் ஓர் அரசு அலுவலகத்துக்குத் தினமும் போய்வருகிறேன். மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்று தொண்டை கட்ட அழுதவன் இப்போது ஆறாம் வகுப்பு. போன வாரம் அந்த விசிலை எடுத்து வாயில் வைக்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் பயந்து அப்படியே திருப்பி மாட்டினான். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போதும், கதவைத் திறக்கும் முன் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஆணியில்தான் இருந்தது. போய் பஸ் ஏறினேன்.